சுவரைப் பார்த்து நிற்கும் கல்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஷான்ஸி மாகாணத்தின் இந்த மேல்மடை ஊருக்கு வந்ததும் வாய்க்கால் கோயிலுக்குப் போனேன். ஊர்களின் தண்ணீர்ப் பங்கைப் பொறித்த கல்வெட்டுதான் என் ஆராய்ச்சிக்கே ஆதாரம். அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்கள். சாவி வைத்திருக்கும் ஷுஜென் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“யாரு தம்பி உன்னை அனுப்புனது?”

“பல்கலைக்கழகம்க்கா.”

“வர்றவன் எல்லாம் அதைத்தான் சொல்றான். உங்கம்மா பொறந்த ஊரு எது?”

யோசிக்காமல், கீழ்மடையில் இருக்கும் ஹேவான் என்று சொல்லிவிட்டேன்.

“தண்ணிச் சண்டையால அந்த ஊருக்கு நாங்க பொண்ணு கொடுக்கிறதுமில்ல, அங்கேருந்து எடுக்கிறதுமில்ல. உனக்குக் கல்லைக் காட்டணுமாக்கும்!” என்று கதவைப் பூட்டிவிட்டார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, கவலைப்படாதீர்கள்.

ஆனால் அன்று மாலையே ஹேவானிலிருந்து மாமா போன் செய்தார். “மாப்ளே, கல்லைப் படிச்சிட்டியா? நமக்குப் பாதின்னுதானே இருக்கு?”

கல்லைப் பற்றி அவரிடம் நான் மூச்சுவிட்டதே இல்லை.

கொஞ்சம் உலர்ந்த இறால் அனுப்புங்கள். இங்கே யாரும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. மாமா வழியாக வேண்டாம், தபாலிலேயே அனுப்புங்கள்.

தபால் வண்டி வந்துவிட்டது. ஒன்று மட்டும் சொல்லுங்கள் அம்மா: இந்த ஊரை எடுத்து ஆராயச் சொன்னது நீங்கள்தானே, அது யாருடைய யோசனை?

உங்கள் மகன்,
யாங்ஷெங்