கரோலினின் முறை மாப்பிள்ளை

ரூவி,
18-2-1977

செல்வ மகள் ஜெயபாரதிக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே வளைகுடா வெயிலில் சௌக்கியம், ஜெர்மனிக் குளிரில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு சைட் டூட்டி ஓய்ந்தபாடில்லை, வெள்ளிக்கிழமை மட்டும்தான் பகலில் முகம் பார்க்கிறேன்.

உன் அத்தை குவைத்திலிருந்து வந்து பத்து நாள் இருந்துவிட்டு நேற்றுத்தான் திரும்பினார். மங்காஃப் வீட்டை விட்டு அசையாதவர் சும்மா வருவாரா, உன்னைத் தன் மகன் வாசுவுக்குப் பேசி முடிக்கத்தான் வந்தார், தட்டு மாற்றப் பட்டுப்புடவையும் பெட்டியில் இருந்தது. வாசு அத்தானை அப்படி நினைக்கவே முடியவில்லை, ஆனால் அப்பா சொன்னால் மறுக்க மாட்டேன் என்று நீ எனக்கு மட்டும் தனியாக எழுதியிருந்தாய். அப்பாவோ அக்காள் பேச்சைத் தட்டியதே இல்லை.

போன வெள்ளிக்கிழமை மேஜைமேல் இருந்த உன் ஆராய்ச்சித் தாள்கள் அத்தை கண்ணில் பட்டன. ஜெர்மன் இளவரசிகள் எந்தெந்த ராஜா வீட்டில் வாழ்க்கைப்பட்டார்கள் என்று நீ வரைந்து அனுப்பிய வம்சப் படம்தான். என்னைப் படிக்கச் சொல்லி விரல் வைத்து வைத்து முறை பார்த்தார். விக்டோரியா ராணியின் அம்மா ஜெர்மன்காரி, அந்த அம்மாளின் அண்ணன் மகன் ஆல்பர்ட் என்றதும், "பாத்தியா ஷியாமளா, ராணியே மாமன் மவனத்தான் கட்டியிருக்கா" என்று ஒரே பெருமை. அக்காள் தங்கை பிள்ளைகள் கட்டிக்கொண்ட இடம் வந்ததும் சீச்சீ என்று தாளையே தள்ளிவிட்டார். நான் வேண்டுமென்றே கரோலின் என்ற ஜெர்மன் இளவரசிக்குப் போனேன். அவளுக்கும் இங்கிலாந்து இளவரசன் சொந்த மாமன் மகன், அசல் முறை மாப்பிள்ளை. பெண்ணைப் பார்த்த மாத்திரத்தில் உடம்பு சரியில்லை, பிராந்தி கொண்டு வா என்றவன், அவளைக் கட்டிக்கொண்ட பிறகும் தன் முடிசூட்டு விழாவுக்கு வந்தவளை உள்ளேயே விடவில்லை என்று நீ எழுதியிருந்ததை அப்படியே வாசித்தேன். அத்தை விழுந்து விழுந்து சிரித்தார், வாசு டீயைத் தவிர எதையும் தொடமாட்டான் என்றார். சிரித்து முடித்து அப்பாவைப் பார்த்து, "சங்கரா, நீ என்ன சொல்ற?" என்று கேட்டுவிட்டார்.

அப்பா, "பாரதிக்கு இஷ்டமில்லக்கா" என்றார். உன் கடிதத்தை நான் அவரிடம் காட்டவே இல்லையடி. அவராகவே கண்டுபிடித்திருக்கிறார், முன்பெல்லாம் கடிதத்தில் வாசுவைக் கேலி செய்து அரைப் பக்கம் எழுதுவாயாம், கல்யாணப் பேச்சு எடுத்த பிறகு அத்தான் நலமா என்று ஒரே வரிதானாம். நான் அழுதுவிட்டேன். அத்தை உன் தாள்களை அடுக்கி மேஜைமேல் வைத்துவிட்டு, வாசுவும் வேண்டாமென்றுதான் சொன்னான், தான்தான் காதில் வாங்கவில்லை என்றார். புடவையை உனக்கென்றே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, மறக்காதே. உன் மனதில் யாராவது இருந்தால் பயப்படாமல் பெயரை எழுது, என்ன முறை என்று நாங்கள் பிறகு கண்டுபிடித்துக்கொள்கிறோம். தீர்க்காயுசாக இரு.

அன்புள்ள அம்மா,
ஷியாமளா