இருட்டில் அட்டை ஆட்டுகிறவள்

அன்புள்ள சின்னவனுக்கு, அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம், என் கை கால் நலம், நீ சந்தேகப்படுகிற புத்தியும் நலம். அங்கே நீயும் மருமகளும் பேத்தியும் எப்படி இருக்கிறீர்கள், பேத்திக்கு இருமல் நின்றதா என்று எழுது. இதைப் போனிலேயே கேட்டிருக்கலாமே என்பாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ நடுவில் புகுந்து ஒன்பது சொல்லிவிடுகிறாய். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன், கடைசி வரை படி.

நம் குடியிருப்பின் செயலாளர் உன்னைக் கூப்பிட்டு, உங்க அம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சு, ராத்திரியில தெருவுல நின்னு இருட்டைப் பார்த்து அட்டையை ஆட்டுறாங்க, யாராவது டாக்டர்கிட்ட காட்டுங்க என்று சொன்னாராம். நீயும் அதை அப்படியே நம்பி, அடுத்த மாதம் வந்து வீட்டைப் பூட்டிவிட்டு என்னை உன் அக்கா வீட்டில் கொண்டுபோய் விடுவதாக முடிவு செய்துவிட்டாய். அவளும் அறையை ஒழித்து, திரைச்சீலை வரை மாட்டிவிட்டாளாம். என்னை ஒரு வார்த்தை கேட்க உங்கள் இருவருக்கும் தோன்றவில்லை பார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அட்டை ஆட்டுவது உண்மைதான். உன் அப்பா அலமாரி மேல்தட்டில் வைத்திருந்த பழைய பிலிம் கேமரா ஞாபகம் இருக்கிறதா? இருந்தவரை என்னைத் தொட விட்டதில்லை, திறந்தா உள்ளே வெளிச்சம் போயிடும் என்பார். இப்போது நான் வேண்டிய மட்டும் வெளிச்சத்தை உள்ளே விட்டுக்கொண்டிருக்கிறேன். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒயர் நுனியில் இருக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஷட்டர் திறந்தபடியே இருக்கும், நம் கண்ணுக்குத் தெரியாததெல்லாம் மெல்ல மெல்லப் பிலிமில் இறங்கும். நடுவில் ஏதாவது வண்டி வந்தால் அதன் விளக்கு படத்தையே வெளுக்கச் செய்துவிடும். அதனால் வண்டி கடக்கும் வரை லென்சுக்கு முன்னால் கறுப்பு அட்டையைப் பிடிக்க வேண்டும், லென்சைத் தொட்டால் கேமரா ஆடிவிடும் என்பதால் தொடாமல், அட்டையின் ஓரம் படத்தில் விழாதபடி லேசாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். என் பைத்தியம் இவ்வளவுதான்.

முதல் ரோலில் ஒரு படமும் விழவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிலிமின் நுனியைச் சுருளில் சரியாக மாட்டாமல் மூடியிருக்கிறேன், உள்ளே அது நகரவே இல்லை, நான் பாட்டுக்கு ஒரு மாதம் வெறுமனே சுற்றிச் சுற்றி அழுத்திக்கொண்டிருந்தேன். ஸ்டூடியோக்காரர் கழுவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே இன்னும் இரண்டு ரோல் வாங்கினேன். இப்போதெல்லாம் சுற்றும்போது இடது பக்கக் குமிழும் கூடவே திரும்பி, பிலிம் நகர்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. நீ பயப்படுவதும் எனக்குப் புரியாமல் இல்லை. கீழ்வீட்டு நர்ஸ் வேலை முடிந்து வரும் நேரம் பார்த்துத்தான் இறங்குகிறேன், நான் படம் எடுத்து முடிக்கும் வரை அவள் படியில் உட்கார்ந்து டீ குடிப்பாள். செயலாளர் என்னைப் பார்த்த அன்றைக்கென்று அவளுக்கு ராத்திரி வேலை. அவர் டார்ச்சும் கையுமாக வந்து கத்த ஆரம்பித்தார். ஷட்டர் எத்தனை நொடி திறந்திருக்கிறது என்று நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன், வாயைத் திறந்தால் எண்ணிக்கை விட்டுப்போகும், அதனால் பதில் சொல்லவில்லை. அதுவும் வியாதிக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நடந்த குடியிருப்புக் கூட்டத்தில், இனி ராத்திரியில் இறங்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவர் கத்திய ராத்திரி எடுத்த படத்தைக் கையோடு கொண்டுபோயிருந்தேன், அதைச் சுற்றுக்கு விட்டேன். கேட், வேப்பமரம், நிறுத்தி வைத்த சைக்கிள்கள் எல்லாம் துல்லியமாக விழுந்திருக்கின்றன. குறுக்கும் நெடுக்கும் குதித்த மனிதர் மட்டும் இல்லை. அவர் வீசிய டார்ச் வெளிச்சம் மாத்திரம் குழந்தை சுவரில் கிறுக்கியது போல நெளிந்து நெளிந்து கிடக்கிறது. நான் எங்கே இதுல என்று அவரே தேடினார். நீங்க ஒரு இடத்துல நிக்கலையே, நின்னாதான் விழுவீங்க என்றேன். நர்ஸ் சிரித்த சிரிப்பில் கூட்டமே சிரித்துவிட்டது. நான் கையெழுத்துப் போடவில்லை. தெரு ஒன்றும் அவர் வீட்டு முன்னறை இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நேற்றும் இறங்கினேன், இன்றும் இறங்குவேன். உன் அக்காவிடம் திரைச்சீலையைக் கழற்றிவிடச் சொல், எனக்கு என் வீடு இருக்கிறது.

இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன், பார். போன தடவை நீ வந்திருந்தபோது பால் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து நம் வீட்டை எடுத்தது. பால்கனியில் துணிக்கொடி தெரிகிறது, பூந்தொட்டி தெரிகிறது, உனக்காக நான் எடுத்துப் போட்ட நாற்காலி தெரிகிறது. நீ ஆபீஸ் போன் பேசிக்கொண்டு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தாய். அந்தப் போனின் வெளிச்சம் ஒரு கோடாக ஓடுகிறது, அவ்வளவுதான் நீ. வந்த மகனை வெறும் கோடாகப் பார்க்க எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்.

நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், பேத்திக்கு என் முத்தம். அடுத்த மாதம் கட்டாயம் வா. பூட்டு வேண்டாம், பிலிம் ரோல் வாங்கி வா. வந்த அன்றே எதிர்ப்பக்கத்தில் ஸ்டாண்டு போடுவேன். நீ போனை உள்ளே வைத்துவிட்டு அந்த நாற்காலியில் உட்கார். நான் போதும் என்று சொல்லும் வரை எழுந்திருக்காதே.

இந்த வீட்டிலேயே இருக்கும்,
உன் அம்மா