இடது ஓரப் பொத்தான்

நவம்பர் 12, புதன்

காலையிலிருந்து தூறல். மலைப் பேருந்து தாமதம்.

பெண்கள் உதவி மையத்துக்கு இன்று வந்தவள் ஒருத்திதான். பொன்னி, வெள்ளிமலைக்கு மேலே ஒரு சிற்றூர். புருஷன் அரிவாளின் பின்பக்கத்தால் அடித்து இடது கையில் இரண்டு முறிவு. காது மடல் கிழிந்து தையல். அழவில்லை. அவள் சொல்லச் சொல்ல என் உதவியாளர் செல்வி தட்டச்சு செய்தாள். ஒன்றரை மணி நேரம். அடித்த நாள், அடித்த பொருள், எல்லாம் வரிசையாக.

“அடிச்சிட்டுப் போயி கேரளாவுல மொளகு பறிச்சிக்கினு இருக்கான். வெள்ளிக்கெழம வந்துருவான். அதான் ஓடியாந்தேன்.”

திங்கள் கோர்ட்டில் வாக்குமூலம் கொடுத்தால்தான் அவன் வீட்டுக்குள் வராதபடி உத்தரவு கேட்க முடியும். பிரிண்டரில் மை இல்லை. கையெழுத்து திங்கள் காலை. தங்கச் சொன்னேன். பிள்ளைகள் மேலே இருக்கிறார்கள் என்று மாலை வண்டிக்கே போய்விட்டாள்.

வாங்க: மை, பி.பி. மாத்திரை, கொசுவத்தி.

13, வியாழன்

வெயில். பொன்னியின் வாக்குமூலக் கோப்பைக் காணோம். இரண்டு மடிக்கணினியிலும் தேடியாயிற்று.

“மூடுறப்ப கேட்டுச்சே மேடம். அமுக்கினேனே.”

செல்வி சேமிக்கும் முறை இது: எழுதி முடித்ததும் மூடுவாள், ‘சேமிக்கவா’ என்று பெட்டி கேட்கும், இடது ஓரப் பொத்தானை அமுக்குவாள். படிப்பதில்லை, கை தானாகப் போகும். அவளுடைய கணினியில் அது ‘சேமி’. நேற்று அது சார்ஜ் இல்லாமல் கிடந்ததால் மற்றதை எடுத்திருக்கிறாள். அதில் இடது ஓரம் ‘சேமிக்காதே’.

இரண்டிலும் லினக்ஸ். எழுதும் மென்பொருளும் ஒன்றே. டெஸ்க்டாப் மட்டும் வேறு. பெட்டியையும் பொத்தானையும் வரையும் டூல்கிட் ஒன்றில் கியூட்டி, மற்றதில் ஜிடிகே. டூல்கிட் மாறினால் பொத்தான் வரிசையும் மாறும். ஐந்து முறை சோதித்தேன். நிறுவியவள் நான். “தோற்ற ஒற்றுமையெல்லாம் அலங்காரம்” என்று கணினி வகுப்பில் கேலி பேசியவளும் நானே.

அம்மிக் குழவியால் அந்தத் திரையை நொறுக்க வேண்டும்போல் வெறி. மேசையைக் குத்தினேன். விரல் முட்டியில் தோல் உரிந்து ரத்தம். பஞ்சு கொண்டுவந்த செல்வியையே திட்டினேன். தப்பு என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை.

14, வெள்ளி

மலையில் பனிமூட்டம். முதல் பேருந்து, செல்வியும் நானும். அவன் வருமுன் மறுபடி எழுதிவிடக் காகிதம், பேனா மட்டும்.

பொன்னி ஒற்றைக் கையால் சோளம் உரித்துக்கொண்டிருந்தாள். கோப்பு அழிந்ததைச் சொன்னேன்.

“பொய்யின்னு அழிச்சிட்டீங்களா?”

“இல்லம்மா. எங்க தப்பு.”

“மறுக்கா மொதல்லேர்ந்தா?”

சோளத்தைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தாள். இரண்டாம் பக்கம் எழுதும்போது புருஷன் வந்தான், தோளில் பை. காகிதத்தைப் பார்த்தான்.

“இன்னாடி, எழுதிக் குடுக்கிறியா?”

விறகுக் கட்டை. பொன்னியின் முகத்தில் ஒரே அடி. தாடை உடைந்த சத்தம் கேட்டது. அடுத்தது தோளில். செல்வி அவன் முதுகில் தொங்கினாள். உதறியதில் சுவரில் மோதி நெற்றி பிளந்தது. நான் நின்றேன். எவ்வளவு நேரம்? பிறகு அவன் கையைக் கடித்தேன். சதை கிழியும்வரை. ஊரார் வந்து கயிற்றால் கட்டினார்கள். காகிதம் சேற்றில் மிதிபட்டுக் கிடந்தது.

அவனை ஏற்றிக்கொண்டு போலீஸ் வண்டி போன பிறகு ஊர்க்காரர் ஒருவர்: “புருசன் பொண்டாட்டி சண்ட. ரெண்டு நாள்ல வுட்ருவாங்க.”

நான்கு முறை வாய் கொப்பளித்தும் அவன் ரத்தத்தின் ருசி போகவில்லை.

15, சனி

மேகமூட்டம். ஆஸ்பத்திரி.

பொன்னியின் தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். வாரக்கணக்கில் பேச முடியாதாம். புதனன்று பேசியதுதான் பேச்சு. அது எங்கும் இல்லை.

நான் கேட்டதும் கண்டதும் இருக்கிறது. என் பெயரில் வாக்குமூலம். சார்ஜ் நிற்பது அந்தப் பாழாய்ப்போன கணினியில்தான். நெற்றிக் கட்டோடு செல்வி தட்டினாள். ஒவ்வொரு வரியையும் பொன்னிக்கு வாசித்தேன், தலையாட்டினாள். ஓரிடத்தில் மறுத்து மூன்று விரல் காட்டினாள். அரிவாளால் இரண்டு அடி இல்லை, மூன்று. திருத்தினோம்.

தப்பு என்னுடையது என்று செல்வியிடம் சொன்னேன். அவள் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

மூடினாள். பெட்டி கேட்டது. விரல் நின்றது.

“மேடம், இதுல எந்தப் பக்கம்?”

“பக்கத்தப் பாக்காத. படி.”

“சேமிக்காதே. ரத்து. சேமி.” உரக்க வாசித்தாள்.

பொன்னி கடைசிச் சொல்லுக்குத் தலையாட்டினாள்.