டிவி கேமுக்கு வார்னிஷ்

பீளமேடு,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள பிரத்யுஷாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே உடம்புகள் நலம். மற்றவற்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போன தடவை பேசியபோது உன் மூக்கு அடைத்திருந்தது, மிளகு தீர்ந்துவிட்டதா, சொன்னால் அனுப்புகிறேன். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். என் போனை உன் அப்பா எடுத்துப் பார்ப்பார். உன்னோடு நான் பேசினால் பக்கத்து அறையில் டிவி சத்தத்தைக் குறைப்பார். கடிதம் பத்திரமானது. அவருக்குப் படிக்கிற பழக்கம் கிடையாது.

கிணத்துக்கடவுத் தோப்பில் வெள்ளை ஈ, ஓலையெல்லாம் கரி பூசின மாதிரி ஆகிவிட்டது. ஹர்ஷிணியைப் பெண் பார்க்க வந்தவன் தன் காரைப் பற்றியே பேசிவிட்டு, எழுந்து போகும்போது அவள் பெயரைக் கேட்டான். வேண்டாம் என்று நான்தான் உன் சித்திக்குச் சொன்னேன். கார் நல்ல கார் என்று உன் அப்பா சொன்னார். அவ்வளவுதான் அவர் பார்வை.

விஷயம் இதுதான். உன் அப்பா டிவி கேம் செய்கிறார். வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது உன் பழைய கேம் பெட்டி அகப்பட்டது. மாட்டிப் பார்த்தார், ஒன்றும் வரவில்லை, திருகைக் கழற்றினார். உள்ளே போர்டில் பாதியைத் துரு தின்றிருந்தது. நான் குப்பைக்குச் சாக்கு எடுத்து வந்தேன். அதற்குள் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கணபதியிலுள்ள நம் மோட்டார் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டார். புதுப் போர்டு செய்யப் போகிறாராம். அதே டப்பாவுக்குள் உட்கார வேண்டும், அதே திருகு ஓட்டை, கேசட் சொருகுகிற அதே வாய், உள்ளே மட்டும் இந்தக் காலத்துச் சிப். பழைய சிப் எங்கும் கிடைக்காதாம், அது பார்த்த வேலையை அப்படியே செய்து காட்டுகிற சிப் ஒன்று இருக்கிறதாம். இதை அவருக்குச் சொன்னது யஷ்வந்த். உன் அத்தை மகன், ஒர்க்‌ஷாப்பில் உன் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவன். ஒன்றை எங்கோ படித்துவிட்டு வருவான், பாதி சொல்வான், மீதியை உன் அப்பா அவனுக்கே விளக்குவார். இப்படி இரண்டு பேர்.

உனக்கு ஞாபகம் இருக்கும், எனக்கும் இருக்கிறது. நீ ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து, மோட்டார் ஸ்டார்ட்டருக்குப் புதிதாக ஒரு போர்டு போட்டாய். அத்தனை பேர் முன்னால் உன் அப்பா அதைக் கழற்றி மேஜையில் போட்டுவிட்டு, வெளையாட்டுச் சாமானாட்ட இருக்குது, இத எந்த விவசாயி வாங்குவான் என்றார். பழைய போர்டை மாட்டச் சொன்னார். நீ அந்த மாதமே நெதர்லாந்தில் ஐந்தோவனுக்கு வேலைக்கு விண்ணப்பம் போட்டாய். அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசவில்லை. அதே மனிதர் இப்போது உட்கார்ந்து விளையாட்டுச் சாமான் செய்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் அருவருப்பாக இருந்தது.

முதல் போர்டு வந்தது. டப்பா மூடவில்லை. போர்டு சரி, டப்பாதான் தப்பு என்றார். இரண்டாவது மூடியது. ஆனால் அது டிவி கேமுக்குச் செய்த போர்டாகவே தெரியவில்லை. கிணற்று மோட்டாருக்குச் செய்த மாதிரி விரல் தடிமனில் செம்புக் கோடு, பெரிய ஃபியூஸ், வோல்ட்டேஜ் குறைந்தால் தானே அணைகிற ரிலே. ஸ்டார்ட்டர் போர்டின் படத்தை எடுத்து அதன் மேலேயே வரைந்திருக்கிறார்கள். ஓரத்தில் வெள்ளை எழுத்தில் எர்த் இணைப்பு கட்டாயம் என்று இருந்தது. நான் வாசித்துக் காட்டினேன். இருந்துட்டுப் போகுது, எர்த் நல்லதுதானே என்றார்.

சுப்பண்ணன் இதையெல்லாம் வைண்டிங் பகுதியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவர்தான் வந்து என்னிடம் சொன்னார். ஏனுங்க மொதலாளி, நம்ம அம்மணி அங்க இதே வேலைதானுங்களே பாக்குது, ஒரு போனப் போட்டுக் கேட்டா முடிஞ்சு போச்சுங்களே என்றாராம். அதுக்கு அங்க ஆயிரம் சோலி, நீங்க காயில் சுத்துங்க என்று இவர் பதில். சொன்ன மறுநாள் யாரோ முகம் தெரியாதவனிடம் இன்டர்நெட்டில் போய் ஐயா, அன்பு கூர்ந்து என்று இங்கிலீஷில் கேட்டுக்கொண்டிருந்தார். தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஊர் உலகத்துக்கு அன்பு கூர்வார்.

இனிக் கவனமாகப் படி. நம் ஒர்க்‌ஷாப்பில் எதைச் செய்தாலும் கடைசியில் வார்னிஷில் முக்கி எடுப்பார்கள், உனக்கே தெரியும். ஈரம் ஏறக்கூடாது, எலி கடிக்கக்கூடாது. டெஸ்ட் செய்வதும் வார்னிஷ் காய்ந்த பிறகுதான். அதற்கு முன்னால் ஓடினால் ஓடின கணக்கே கிடையாது. அவருடைய அப்பா வைத்த சட்டம். டிவி கேமுக்கும் அதே சட்டம். வேறு யாரையும் தொட விடாமல் அவரே முக்கினார். முக்குவதற்கு முன் திருகு உள்ள இடங்களுக்கெல்லாம் டேப் ஒட்டினார், ஒயர் மாட்டுகிற இடத்தில் வார்னிஷ் படக்கூடாதே. கேசட் சொருகுகிற வாயில் திருகு இல்லை. அதனால் அதற்கு டேப் இல்லை. ஸ்டார்ட்டர் போர்டில் அப்படி ஒரு வாயை அவர் கண்டதில்லை.

காய்ந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தார். குளித்துவிட்டு வந்து மாட்டினார், சட்டை மாற்றிக்கொண்டார் என்பதையும் எழுதிவிடுகிறேன். சிவப்பு விளக்கு எரிந்தது. டிவியில் சாம்பல் நிறம். கேசட்டை எடுத்து ஊதினார், மறுபடி சொருகினார். சாம்பல். அன்றிலிருந்து சிப்பைத் திட்டுகிறார், யஷ்வந்தைத் திட்டுகிறார், டிவியை மாற்றினார், ஸ்டெபிலைசர் வைத்தார். எர்த்தும் கொடுத்துப் பார்த்தார்.

அவர் ஒர்க்‌ஷாப்புக்குப் போன பிறகு நான் அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். வாய்க்குள் இருக்கிற செம்புப் பற்களின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. எந்தக் கேசட்டும் செம்பைத் தொடவே இல்லை. விலங்கியல் படித்தவளுக்கு இது தெரிகிறது. வார்னிஷிலேயே பிறந்து வளர்ந்தவருக்குத் தெரியவில்லை. மதியம் அவர் சாப்பாட்டுக்கு வந்தபோது வாயைத் திறந்து சொல்லப் போனேன். சொல்லவில்லை.

ஏன் என்று அன்று முழுக்க யோசித்தேன். முந்தின நாள் அவர் என்னிடம் வந்து, நீ பேசறப்ப சும்மா கேட்டு வெய்யி, கரென்ட் வருது படம் வரல, என்னவா இருக்கும்னு, நான் கேட்டேன்னு சொல்லிப்போடாதே என்றார். என் சந்தேகம் மாதிரிக் கேட்க வேண்டுமாம். எனக்கு எதற்கு டிவி கேம். மூன்று வருடமாக இதுதான் என் வேலை. நீ சாப்பிட்டாயா என்பதை அவருக்காக நான் கேட்கிறேன், அவர் பிரஷர் மாத்திரை போட்டாரா என்பதை உனக்காக நான் பார்க்கிறேன். மாட்டேன் என்றேன். வேணும்னா நீங்களே கேளுங்க, நம்பர் மாறல என்றேன். எழுந்து போய்விட்டார். ஆனால் அதற்கப்புறம் இரண்டு தடவை போனைக் கையில் எடுத்து, கண்ணாடியைத் துடைத்து, உன் பெயர் வரைக்கும் போய், கீழே வைத்ததைப் பார்த்தேன். அவ்வளவு தூரம் அவர் வந்ததே இல்லை. வார்னிஷ் என்று நான் சொல்லியிருந்தால் அந்தப் போன் மேஜையிலேயே கிடந்திருக்கும். ஓடுகிற போர்டை உனக்குக் கூரியரில் அனுப்பிவிட்டு, பேசியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். ஐந்தோவனுக்குக் கூரியர் எவ்வளவு நாளில் போகும் என்று யஷ்வந்தை விசாரிக்கச் சொன்னதும் எனக்குத் தெரியும்.

சுப்பண்ணன் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது போர்டைக் கையில் வாங்கி வாய்ப்பக்கம் ஒரு நிமிடம் பார்த்தார். என்னைப் பார்த்தார். தென்னைக்கு மருந்தடிக்கோணுமுங்க என்று சொல்லி ஒரு வாரம் லீவு போட்டுவிட்டார்.

உன்னையும் விடப் போவதில்லை. நீயும் அதே அச்சுதான். அவர் கேட்கட்டும் என்று அங்கே நீ உட்கார்ந்திருக்கிறாய், அவ கூப்பிடட்டும் என்று இங்கே அவர். அவருக்காவது படிப்பில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

கடிதம் வந்து சேரப் பத்து நாள் ஆகும். அதற்குள் அவர் கண்டுபிடித்துவிடுவாரோ என்ற பயம் எனக்கு இல்லை. கூப்பிடுவார். முதலில் அங்கே குளிரா என்று கேட்பார். பதில் சொல், ஒரு வார்த்தையில் முடிக்காதே. அப்புறம் யாருக்கோ ஒரு சந்தேகம் என்று ஆரம்பிப்பார். யாருக்கு என்று கேட்காதே. வார்னிஷ் என்று மட்டும் முதல் பேச்சிலேயே சொல்லிவிடாதே, சொன்னால் சரி என்று வைத்துவிடுவார். போர்டைப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாதுங்கப்பா, வீடியோவில் காட்டுங்க என்று சொல். ஆளும் தெரிவார். இளைத்திருக்கிறார், நீயே பார்.

சென்னிமலைப் போர்வை இரண்டு அனுப்பியிருக்கிறேன், தடிமனானதை நீ போர்த்திக்கொள், கூட இருக்கிற பெண்ணுக்குத் தாராளம் காட்டாதே. நேரத்துக்குச் சாப்பிடு. காரமடை ரங்கநாதர் உனக்குப் புத்தியும் சுகமும் கொடுக்கட்டும், புத்தியை முதலில். உன் அப்பாவுக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கொண்டேன், அது வீண் என்று தெரிந்தே.

ஒன்று மறந்துவிட்டேன். அந்தப் பூச்சைத் துடைக்கப் பஞ்சில் கொஞ்சம் தின்னர் போதும் என்று நினைக்கிறேன். வீட்டிலிருந்த தின்னர் பாட்டில் என் புடவை அலமாரியில், பட்டுப் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. இன்று காலையிலிருந்து எதற்கோ அதைத் தேடிக்கொண்டிருக்கிறார். நீ சொன்னதும் எடுத்துக் கொடுக்கிறேன்.

உன் அம்மா,
ராமாமணி