பிடிங்க அக்கா

தென்னூர்,
8.11.2025

அன்புள்ள அமிர்தம் அக்காவுக்கு,

வள்ளி எழுதுகிறேன். பத்து மாதமாக நீங்கள் என் போனை எடுக்கவில்லை. அதனால்தான் உங்கள் கடை முகவரிக்கு இந்தக் கடிதம். சேதி இதுதான்: நான் மறுபடியும் கபடி ஆடப் போகிறேன். விலகிப்போன முழங்கால் சில்லை ஆபரேஷன் செய்து நேராக நிறுத்தினார்களே, அந்த ஒற்றைக் காலால் நேற்று பெஞ்சிலிருந்து குதித்து நின்றேன். பிசியோ ஜேக்கப் சார் மூன்று தரம் குதிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "போம்மா, போய் ஆடு" என்றார். மலைக்கோட்டைப் படி முழுக்க ஏறி இறங்கினேன், அக்கா. அம்மாதான் பாதியில் உட்கார்ந்துவிட்டாள்.

முப்பதாம் தேதி எங்கள் தென்னூர் அணிக்கும் உங்கள் சமயபுரம் அணிக்கும் மேட்ச். பட்டியலில் உங்கள் பெயர் இல்லையே, ஏன்?

அன்புடன்,
ஆனந்தவள்ளி


சமயபுரம்,
14.11.2025

அன்பு வள்ளி,

தேங்காய்க் கடையில் நின்றபடியே உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். மனசு நிறைந்தது. நீ நன்றாக ஆட வேண்டும்.

நான் ஆட்டத்தை விட்டுவிட்டேன். பொங்கல் மேட்சில் உன் தொடையைப் பிடித்து இழுத்தவள் நான். சில்லு நழுவியது முதலில் என் கைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு யார் காலைப் பிடிக்கப் போனாலும் விரல் மடங்குவதில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரை இரண்டு முறை வந்தேன். உன் அம்மா முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் திரும்பிவிட்டேன். எனக்காகக் காத்திருக்காதே.

அமிர்தம்


தென்னூர்,
18.11.2025

அக்கா,

இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். உங்கள் பிடிக்கு முன்பே அந்தச் சில்லு இரண்டு முறை நழுவியிருக்கிறது. ஒருமுறை பயிற்சியில், ஒருமுறை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது. நானே அதை உள்ளே தள்ளிக்கொண்டேன். அணியிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று யாரிடமும் சொல்லவில்லை. "அன்னைக்கு இல்லேன்னாலும் இன்னொரு நாள் போயிருக்கும்மா" என்றார் டாக்டர். எல்லோரும் உங்களைக் குறை சொன்னபோது நான் வாயைத் திறக்கவில்லை. போன் செய்தது இதைச் சொல்லத்தான். நீங்கள் எடுக்காதபோது எனக்கு நிம்மதியாகவும் இருந்தது.

மன்னிப்பது உங்கள் இஷ்டம். ஆனால் ஆட வாருங்கள். நீங்கள் எதிரில் இல்லாமல் நான் எடுக்கும் பாயின்ட் எனக்குப் பாயின்டே இல்லை.

வள்ளி


சமயபுரம்,
1.12.2025

வள்ளி,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். இரண்டு நாள் அம்மாவிடம்கூடப் பேசவில்லை. மூன்றாம் நாள் பயிற்சிக்குப் போனேன்.

நேற்று முதல் பாதியில் நீ கபடி பாடிக்கொண்டு வந்தபோதெல்லாம் நான் விலகி விலகிப் போனேன். நீ பாயின்ட் எடுத்துக்கொண்டே இருந்தாய், முகம் மட்டும் கடுகடுவென்று இருந்தது. கடைசியில் பாட்டை நிறுத்திவிட்டு, "பிடிங்கக்கா" என்று கத்தினாய். பாட்டு நின்றதற்காக நடுவர் உன்னை வெளியே அனுப்பியதும் கூட்டமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுபடி உள்ளே வந்து நீ பாய்ந்தபோது என் கை யோசிக்கவில்லை. அதே கால், அதே தொடை. எங்கள் பெண்கள் நாலு பேர் மேலே விழுந்தார்கள். அடியில் உன் சத்தமே இல்லை. எனக்கு உயிர் போய் வந்தது. எல்லோரும் எழுந்த பிறகு பார்த்தால், நீ மல்லாந்து கிடந்து சிரித்துக்கொண்டிருக்கிறாய்.

இரண்டு பாயின்டில் நாங்கள் ஜெயித்தோம். பஸ்ஸில் வழியெல்லாம் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

உன்மேல் கோபம் இன்னும் போகவில்லை. பத்து மாதம் நான் பட்டது சும்மா இல்லை. சனிக்கிழமை வீட்டுக்கு வா. அம்மா மீன் குழம்பு வைக்கிறாளாம். நான் திட்டுவேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டுக்கொள்.

உன் அக்கா,
அமிர்தம்