காஸின் விரல்கள்

1956 செப்டம்பர் 25, செவ்வாய்

தூறல். முட்டை தீய்ந்துவிட்டது, அப்படியே தின்றேன்.

இன்று இரண்டு பேரை அணியிலிருந்து அனுப்பினேன். அது எப்போதும் என் வேலைதான். கதவைத் தட்டிச் சொல்லவேண்டிய வாசகம் ஒன்றே: "கோச் கூப்பிடுறார். ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துக்கிட்டு வா." புத்தகத்தைத் திருப்பிக் கேட்டால் வேலை போயிற்று என்று அர்த்தம்; அதைச் சொன்னதுமே முகம் விழுந்துவிடும். ஒன்பது வருடமாக டொலீடோவின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு இந்தச் சாவு சேதி சொல்கிறேன்.

பிப்ரவரியில் முதலாளி ஹேத்தர்ன் என் கையைப் பிடித்துச் சொன்னார்: "எமெட், அடுத்த தலைமைக் கோச் நீதான்யா." மார்ச்சில் அந்த இடத்துக்கு ப்ரூவிட் வந்து இறங்கினான். முப்பத்தாறு வயது, நல்ல பல்வரிசை. எனக்கு நாற்பத்தொன்பது. கல்லூரியில் லத்தீன் கற்பித்தவன் நான். அவனுக்கு ஆட்டப் படச்சுருள் ஓட்டுகிறேன்.

அக்டோபர் 2, செவ்வாய்

ஞாயிறன்று 27-7 தோல்வி. ஆட்டத்தின் படச்சுருள் இன்று வந்தது. முன்னும் பின்னுமாக நாற்பது முறை ஓட்டினேன். பிடித்துவிட்டேன்.

காஸ் வொல்னியாக். பந்து எறியும் ரட்டை எதிராளிகள் நெருங்காமல் இடப்பக்கம் மறிக்கும் காவல்காரன். ஒவ்வொரு தடவையும் பந்து நகருமுன் குனிந்து வலக்கையைத் தரையில் ஊன்றுகிறான் அல்லவா? பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டமென்றால் முன்னே பாயவேண்டும். விரல்கள் மண்ணில் அழுந்துகின்றன. எறியும் ஆட்டமென்றால் பின்வாங்கவேண்டும்; விரல்நுனி மட்டும் தொடுகிறது. ஒவ்வொரு முறையும்! அவனுக்கே தெரியாது. எதிரில் நிற்பவனுக்குத் தெரிகிறது. லீக் விதிப்படி எங்கள் சுருள்கள் எதிரணிகளுக்கும் போகின்றனவே.

ஒரு வாரப் பயிற்சியில் சரியாகிவிடும். நாளை சொல்கிறேன்.

அக்டோபர் 3

கூட்டத்தில் வாயைத் திறந்தேன். "சுருள்ல ஒண்ணு கவனிச்சேன்—"

ப்ரூவிட் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எமெட், நீங்க படத்தை ஓட்டுங்க, போதும். யோசிக்கிறதுக்குத்தான் நான் இருக்கேனே."

முப்பது பேர் சிரித்தார்கள். காஸ் சிரிக்கவில்லை. அதையும் எழுதி வைக்கவேண்டும்.

சரி. யோசிக்கட்டும்.

அக்டோபர் 14

தோல்வி.

அக்டோபர் 21

தோல்வி. ரட்டை ஆறு முறை கீழே தள்ளினார்கள். ஆறும் காஸ் பக்கமிருந்து. ஹேத்தர்ன் பாதியிலேயே எழுந்து போனார். இன்னும் இரண்டு தோற்றால் ப்ரூவிட்டின் கதை முடியும் என்று கணக்குப் போட்டேன். இரண்டுதான். பிறகு காஸிடம் சொல்லிவிடலாம்.

அக்டோபர் 30, செவ்வாய்

சுருள் அறைக்குக் காஸ் வந்தான். மூக்கில் பிளாஸ்திரி. கையில் சாசேஜ் ரொட்டி, எனக்கும் ஒன்று.

"வாத்தியாரே, எனக்கு என்னய்யா ஆச்சு? நான் அசையறதுக்கு முன்னாடியே அந்தப் பயலுங்க கிளம்பிடுறானுங்க. மந்திரம் கிந்திரம் போட்டானுங்களா?"

"முப்பத்துமூணு வயசுய்யா உனக்கு."

"வயசா? என் பெண்டாட்டிகிட்டக் கேட்டுப் பாரு!" சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "நெசமாச் சொல்லு. படத்துல ஏதாவது தெரியுதா?"

கண்ணுக்கு முன்னால் அந்தக் கை. கடுகு விழுது தடவிய ரொட்டியைப் பிடித்திருந்தது.

"ஒண்ணும் தெரியல," என்றேன்.

ஏன் சொன்னேன்? ரொட்டியை வேறு தின்றேன்.

நவம்பர் 6, செவ்வாய்

அந்த இரண்டும் தோற்றோம். ப்ரூவிட் போகவில்லை. காஸ் போகிறான். ப்ரூவிட் கூப்பிட்டுச் சொன்னான்: "ஆளுக்குக் காலுல வேகம் போச்சு, எமெட். நீங்க போய்ச் சொல்லிடுங்க."

அந்த நேரத்தில்கூடச் சொல்லியிருக்கலாம். மேசைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். ஒரு வாக்கியம் போதும். "ஐந்து வாரமாகத் தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்பானே. நடந்து போனேன்.

காஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முதுகு கிழிந்து டேப் ஒட்டிய ஆட்டப் புத்தகம் மடியில் தயாராக இருந்தது.

"பேசாதே வாத்தியாரே. ஒன்பது வருஷமா கேட்ட பாட்டுதானே." எழுந்தான். "உன் கண்ணுக்கு எதுவும் தப்பாது. நீயே ஒண்ணும் இல்லைன்னப்புறம் என்ன? காலுதான் போச்சு. இன்னும் ஒரு வருஷம் ஓடும்னு நெனச்சேன்."

கை கொடுத்தான். அழுத்திப் பிடித்தான்.

நவம்பர் 7

காஸ் கண்ணாடி ஆலையில் சேரப்போகிறானாம். எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 16

கடைசி ஆட்டம். பனி, ஆளில்லாத மைதானம், தோல்வி. பன்னிரண்டில் இரண்டு வெற்றி.

டிசம்பர் 18

ப்ரூவிட்டை நீக்கிவிட்டார்கள். பெட்டியோடு என் அறை வாசலில் நின்றான். "நீங்க மட்டுந்தான் நல்லா உழைச்சீங்க, எமெட்." கிண்டல் இல்லை. கிண்டலாக இருந்திருக்கலாம்.

டிசம்பர் 20

ஹேத்தர்ன் கூப்பிட்டார். தலைமைக் கோச் நான்தான். நன்றி சொன்னேன். இரவு டப்பா சூப். சுடவைக்கத் தோன்றவில்லை.

1957 ஜூலை 23, செவ்வாய்

பயிற்சி முகாம், முதல் வாரம். காவல்காரர்களை இருட்டறையில் உட்காரவைத்து காஸின் அக்டோபர்ச் சுருளைப் போட்டேன். "ஆளைப் பாக்காதீங்க, கையைப் பாருங்க," என்றேன். அழுந்துகிறது. அழுந்தவில்லை. அழுந்துகிறது. மூன்றாவது தடவையில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

டெக்சாஸிலிருந்து வந்திருக்கும் பீம்ஸ் என்பவன் பின்வரிசையிலிருந்து கேட்டான்: "கோச், இவ்வளவு பளிச்சுன்னு தெரியுதே. அவர்கிட்ட யாருமே சொல்லலையா?"

சுருள் முடிந்து வால் படபடத்தது. விளக்கைப் போடலாமா என்று யாரோ எழுந்தார்கள்.

வேண்டாம் என்றேன்.