நான் மெழுகிய சுவர்

ஆடி பிறந்துவிட்டது. காலையில் தெருமுனை திரும்பும்போதே சாணமும் களிமண்ணும் கலந்த ஈர வாசனை. அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதற்கு முன் வீடு மெழுகுகிறார்கள். ஊருக்கு அது திருவிழா வாசனை. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிறேன். ஏன் என்று தெரிந்த ஒரே ஆள் நீதான். நீ செத்துப்போய் ஆறு மாதம் ஆகிறது.

பூச்சித் தடுப்பு வேலையில் நாம் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். என் தோளில் மருந்து பம்பு. உன் கையில் டார்ச்சும் கண்ணாடிக் குழாயும். மாட்டுக் கொட்டகைச் சுவர் வெடிப்பில் குழாயை வைத்து, வாயால் உறிஞ்சி மணல் ஈ பிடிப்பாய். கொசுவில் பாதிகூட இருக்காது, சத்தமும் போடாது. குழாய்க்குள் சல்லடைத் துணி உண்டு என்று தெரிந்தும், "இன்னிக்கு எத்தினி முழுங்கின?" என்று கேட்டு உன்னை வெறுப்பேற்றுவேன். நீ சிரிக்க மாட்டாய். இத்தாலியில் வெயில் காலத்தில் இந்தச் சாதி ஈ கடித்து ஆட்களுக்கு மூளைக்காய்ச்சல் வருகிறது என்று எங்கோ படித்துவிட்டு வந்து, "அவ்ளோ வசதியான நாட்டுலயே ஆளப் படுக்க வெக்குதுடா. இங்க கொட்டாய ஒட்டியே கொயந்தைங்க தூங்குது" என்றாய்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆடியில் ஆரம்பாக்கத்தில் என் அக்கா தெருவுக்கு மருந்து அடித்தோம். மருந்துச் சுவரில் உட்கார்ந்தால்தான் ஈ சாகும், மூன்று மாதம் சுவரை மெழுகக் கூடாது என்று வீடு வீடாகச் சொன்னவன் நானேதான். சுவரெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கறை. அம்மன் வருகிற வீடு இப்படியா இருக்கும் என்று அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஒரு வீடுதானே என்று நினைத்தேன். நானே மண் குழைத்தேன், நானே மெழுகினேன். மருந்து அடிக்கிறவரே மெழுகுகிறாரே என்று அந்த வரிசை முழுக்க மெழுகிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் அக்கா மகளுக்குக் காய்ச்சல் கொதித்தது. ஐந்து வயதுப் பிள்ளை. இரண்டு முறை வாந்தி எடுத்தாள். நான்கு மணிக்குக் கண் மேலே செருகிக் கை கால் வெட்டி இழுத்தது. ஆடியில் வருகிற காய்ச்சல், அம்மன்தான் வந்திருக்கிறாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் கோபம் வரும் என்று அக்கா வேப்பிலையோடு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். நான் போன் செய்து வந்த நீ, சுவரைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். பிறகு அக்காவிடம் போய், "பாப்பாவக் குடுக்கா. அம்மாகிட்ட நான் பதில் சொல்லிக்கிறேன்" என்று கையை நீட்டினாய்.

ஆட்டோவில் அவளுக்கு இன்னொரு முறை இழுத்தது. ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, ஓட்டுநரை விரட்டிக்கொண்டே வந்தாய். பக்கத்து ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுச் சென்னைக்கு அனுப்பினார்கள். மணல் ஈ பரப்பும் வைரஸ் மாதிரி இருக்கிறது, இதற்கென்று மருந்து கிடையாது, தாங்கிப் பிடிக்கத்தான் முடியும் என்றார் டாக்டர். மூன்று நாள் அவள் கண் திறக்கவில்லை.

இரண்டாம் நாள் நீ மட்டும் ஊருக்குப் போய், அக்கா கொட்டகையில் குழாய் வைத்து, உயிரோடு ஈ பிடித்துக்கொண்டு வந்தாய். "கொல்லத்தான்டா அடிச்சோம். நீ மருந்து மேல போர்வ போத்தி உட்டுட்ட" என்றாய். ஊரைக் கூட்டித் தப்பைச் சொல்லச் சொன்னாய். சொன்னால்தான் திரும்ப அடிக்க விடுவார்கள், அந்த வரிசையில் இன்னும் எத்தனை பிள்ளைகள் என்றாய். நான் உன் காலைப் பிடித்தேன். அக்கா என்னைச் செத்தாலும் மன்னிக்க மாட்டாள் என்று அழுதேன். நீ காலை உருவிக்கொண்டு எழுந்து போனாய்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பாப்பா கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். அந்தச் சந்தோஷத்தோடு ஊருக்கு வந்த பிறகுதான் நீ செய்தது தெரிந்தது. காய்ந்ததும் மருந்து சுவரில் ஊறிவிடும், மெழுகலாம் என்று எனக்குச் சொன்னதே நீதான் என்று தெரு நடுவில் நின்று சொல்லியிருக்கிறாய். உன்னைத் திட்டித் தீர்த்துவிட்டு, மறுபடி மருந்தடிக்க விட்டார்கள். வேறு எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அக்கா உன்னை வாசல் மிதிக்க விடவில்லை. பிள்ளையைக் கொல்லப் பார்த்தவன் என்றாள். உன் சாவுக்கும் வரவில்லை. நான் பாவி, பக்கத்திலேயே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். இறால் உரித்துக்கொண்டிருந்தாள். பாப்பா பள்ளிக்கூடம் போயிருந்தாள். தெரிந்தே மெழுகினேன், மெழுகலாம் என்று அவன் சொல்லவே இல்லை, எனக்காகப் பழியைச் சுமந்தான் என்று கொட்டிவிட்டேன். அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நின்றேன். அவள் கையிலிருந்த இறாலை உரித்துச் சட்டியில் போட்டாள்.

"அவன் உசுரோட இருக்கும்போது ஏன்டா சொல்லல? ஒரு வாய் சோறாவது போட்டிருப்பேனே" என்றாள்.